எக்கோவில் வால்வு லீக்கை அளப்பது எப்படி? ஒரே ஆளுக்கு மூன்று விதமான ரிப்போர்ட் வருவது ஏன்?

பிப்ரவரி 2, காலை (கேள்வி)

அம்மாவுக்கு மைட்ரல் வால்வில், அதாவது இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள வால்வில், லீக். போன வருஷ எக்கோவில் (ஒலி அலையால் இதயத்தைப் பார்க்கும் டெஸ்ட்) 'மாடரேட்' என்று எழுதினார்கள். இந்த ஜனவரியில் வேறு இடத்தில் எடுத்தோம், 'சிவியர்'. மனசு கேட்காமல் இன்னொரு இடம் போனால் 'மைல்டு டு மாடரேட்'. கடைசி இரண்டுக்கும் நடுவில் இரண்டு வாரம்கூட இல்லை. ஓட்டை ஒன்றுதானே? திரையில் தெரியும் நிறத்தைப் பார்த்துக் கண்ணளவில் ஆளுக்கொன்று எழுதுகிறார்கள், அளக்கிறோம் என்பதெல்லாம் பேச்சுக்குத்தான் என்று நினைக்கிறேன். தப்பென்றால் சொல்லுங்கள்.

பிப்ரவரி 2, இரவு

எக்கோ எடுப்பதுதான் என் வேலை, பல வருஷமாக. கண்ணளவில் எழுதப்படும் ரிப்போர்ட்டுகள் உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் மூன்று பேரும் ஒழுங்காக அளந்திருந்தாலும் உங்கள் கைக்கு மூன்று விதமான முடிவு வந்திருக்க முடியும். ஏன் என்று புரியாமல் நாலாவது இடத்துக்குப் போய்ப் பிரயோஜனமில்லை.

ரிப்போர்ட்டுகளில் 'எம்.ஆர்.' (மைட்ரல் லீக்) என்ற வரிக்குப் பக்கத்தில் ஏதாவது எண் இருக்கிறதா, அன்றைய பிரஷரை எங்காவது குறித்திருக்கிறார்களா, இடது மேலறை, இடது கீழறை அளவுகள் என்ன என்று பார்த்து இங்கே போடுங்கள். பெயர், மருத்துவமனை எதுவும் வேண்டாம்.

பிப்ரவரி 3

நிறத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். குழப்பத்தில் பாதி அங்கேதான்.

மார்பில் வைக்கும் ப்ரோபிலிருந்து போகும் ஒலி அலை இரத்த அணுக்களில் பட்டுத் திரும்பும்போது அதன் அதிர்வெண் கொஞ்சம் மாறியிருக்கும். அணுக்கள் ப்ரோபை நோக்கி வந்தால் கூடும், விலகிப் போனால் குறையும். அந்த மாற்றத்தை வைத்து மெஷின் வேகத்தைக் கணக்குப் போட்டு, வருவதற்குச் சிவப்பு, போவதற்கு நீலம் என்று பூசுகிறது. ஆக, திரையில் தெரிவது வேகம். எத்தனை மில்லிலிட்டர் இரத்தம் பின்னால் போனது என்பது அந்த நிறத்தில் இல்லை.

தண்ணீர்க் குழாயின் வாயை விரலால் பாதி அடைத்துப் பாருங்கள். வெளியே வரும் தண்ணீர் குறைகிறது, ஆனால் பீச்சு இன்னும் தூரம் போகிறது. வால்விலும் அப்படித்தான். சின்னத் துளை வழியாக மிகுந்த அழுத்தத்தில் பாயும் கொஞ்ச இரத்தம் மேலறை முழுக்கச் சிதறி நிறத்தைப் பரப்பிவிடும். போகும் வழியில், ஏற்கெனவே மேலறையில் சும்மா நின்றுகொண்டிருக்கும் இரத்தத்தையும் தள்ளிக்கொண்டு போகும். அதுவும் நகர்வதால் அதற்கும் நிறம் கிடைக்கும். லீக்கே ஆகாத இரத்தமும் லீக்காகத் தெரியும்.

இதற்கு நேர் எதிரானதும் உண்டு. வால்வின் ஓர் இதழ் மட்டும் பிதுங்கியிருந்தால் பின்னால் பீச்சும் இரத்தம், அதாவது ஜெட், நேராகப் போகாமல் சாய்ந்து, மேலறைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு ஓடும். சுவரில் உரசி அதன் வேகம் செத்துவிடும். திரையில் ஒல்லியான ஒரு பட்டை, அவ்வளவுதான். அனுபவம் குறைந்தவர் 'மைல்டு' என்று எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார். நிஜத்தில் அது சிவியராக இருக்கலாம். சுவரை ஒட்டி ஓடும் ஜெட்டைப் பார்த்தால், தெரிவதைவிட ஒரு படி அதிகமாகவே சந்தேகப்படு என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

பிப்ரவரி 3, பிறகு

விட்டுப்போனது: மெஷின் செட்டிங். கலர் ஸ்கேல் என்று ஒன்று இருக்கிறது, நிறம் காட்டும் வேகத்தின் வரம்பு அது. வினாடிக்கு 50 முதல் 70 செ.மீ. வரை வைத்துப் பார்ப்பது வழக்கம். அதை 30-க்கு இறக்கினால், அதே நோயாளி, அதே நொடி, ஜெட் சட்டென்று பெரிதாகத் தெரியும். மெதுவாக நகரும் இரத்தமும் கணக்கில் வந்துவிடுவதால். கலர் கெயினை (நிறத்தின் உணர்திறனை) கூட்டினாலும் அதே கதை. ரிப்போர்ட்டோடு கொடுக்கும் படத்தின் ஓரத்தில் நிறப்பட்டை ஒன்று இருக்கும். அதன் மேலும் கீழும் உள்ள எண்தான் அந்த ஸ்கேல். இரண்டு இடத்துப் படங்களை ஒப்பிடுவதற்கு முன்னால் அதைப் பாருங்கள்.

பிப்ரவரி 5

"அப்போ நிறத்தை விட்டுட்டு வேற எதை அளக்கறீங்க?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

ஜெட் துளையைத் தாண்டியவுடன் ஓர் இடத்தில் மிகக் குறுகலாக இருக்கும், அதன் பிறகுதான் விரியும். அந்தக் கழுத்துப் பகுதிக்கு வீனா கான்ட்ராக்டா என்று பெயர். மைட்ரல் வால்வில் அதன் அகலம் 0.3 செ.மீ.க்குக் கீழே என்றால் மைல்டு, 0.7-ஐத் தொட்டால் சிவியர். அளப்பது எளிது, நேரமும் அதிகம் ஆகாது. ஆனால் மொத்த ஆட்டமும் நாலைந்து மில்லிமீட்டருக்குள் நடக்கிறது. படத்தை நன்றாகப் பெரிதாக்காமல் அளந்தால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை.

இன்னொன்று பீசா. துளையைத் தாண்டிப் போனதை விட்டுவிட்டு, துளையை நோக்கிக் கூடி வரும் இரத்தத்தை அளப்பது. நாலா பக்கத்திலிருந்தும் இரத்தம் துளையை நெருங்க நெருங்க வேகம் பிடிக்கும். ஒரே வேகத்தில் வரும் புள்ளிகளையெல்லாம் சேர்த்தால் துளையைச் சுற்றி ஓர் அரைக்கோளம் கிடைக்கும். அதன் பரப்பு தெரியும், அந்த வேகமும் தெரியும், பெருக்கினால் வினாடிக்கு எவ்வளவு இரத்தம் என்று வந்துவிடும். அதை ஜெட்டின் உச்ச வேகத்தால் வகுத்தால் துளையின் பரப்பு. ரிப்போர்ட்டில் ஈ.ஆர்.ஓ.ஏ. என்று போடுவது அதைத்தான். மைட்ரலுக்கு 0.20 சதுர செ.மீ.க்குக் கீழே மைல்டு, 0.40-லிருந்து சிவியர். ஒரு துடிப்புக்குத் திரும்பிப் போகும் அளவு 30 மி.லி.க்குக் கீழே மைல்டு, 60-லிருந்து சிவியர்.

நேரில் இது எப்படி நடக்கிறது என்று சொன்னால்தான் எங்கே சறுக்கும் என்று புரியும். நோயாளியை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, மூச்சை விட்டு நிறுத்தச் சொல்லி, இதயத்தின் நுனியிலிருந்து பார்க்கிறோம். வால்வை மட்டும் பெரிதாக்கி, கலர்ப் பெட்டியைக் குறுக்கி, நிறப்பட்டையின் பேஸ்லைனை (சிவப்பும் நீலமும் பிரியும் கோட்டை) ஜெட் போகும் திசையில் இறக்கி, அந்தப் பக்க வரம்பை வினாடிக்கு 40 செ.மீ. வாக்கில் கொண்டுவருகிறோம். இப்போது வால்வுக்கு இந்தப் பக்கம், வேகம் அந்த வரம்பைத் தாண்டும் இடத்தில், நீலம் திடீரென்று மஞ்சளாக மாறும் ஓர் அரைவட்ட விளிம்பு தெரியும். படத்தை நிறுத்தி, டிராக்பாலை உருட்டி ஃபிரேம் ஃபிரேமாகப் பின்னால் போகிறோம். ஒரு ஃபிரேமில் அரைவட்டம் குட்டை, அடுத்ததில் பருமன், அதற்கடுத்ததில் காணவே காணோம். எல்லாத் துடிப்பிலும் ஏதோ ஒன்றுதான் அழகாக அமையும். அதில் விளிம்பிலிருந்து துளை வரைக்கும் கோடு போட வேண்டும். துளை எங்கே? நிறத்துக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. கலரை அணைத்து இதழ்களின் நுனியைப் பார்த்து, மறுபடி கலரைப் போட்டு, கர்சரை வைக்கிறோம்.

அந்தக் கோட்டின் நீளம் 0.8 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். உச்ச வேகம் வினாடிக்கு 5 மீட்டர், வரம்பு 40 என்றால் கணக்கு சுலபம்: நீளத்தின் வர்க்கத்தில் பாதி. 0.32 சதுர செ.மீ., மாடரேட். அதே கோடு 0.9 என்றால் 0.405, சிவியர். நடுவில் இருப்பது ஒரே ஒரு மில்லிமீட்டர். வர்க்கம் எடுப்பதால் சின்னத் தவறும் இரட்டிப்பாகிவிடும், நீளத்தில் பத்து சதவீதம் பிசகினால் விடையில் ஏறக்குறைய இருபது சதவீதம். கையாலாகாதவர் அளந்ததால் மட்டும் இது வருவதில்லை. கவனமாக அளக்கும் இரண்டு பேருக்கு நடுவிலேயே அந்த ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் வரும். அதனால்தான் ஒற்றை பீசா எண்ணை வைத்துக்கொண்டு யாராவது 'சிவியர், ஆபரேஷன்' என்று பேசினால் எனக்குப் பதறும்.

பிப்ரவரி 6

பிரஷர். இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும்.

மைட்ரல் லீக்கைத் தள்ளுவது கீழறைக்கும் மேலறைக்கும் இடையிலுள்ள அழுத்த வித்தியாசம். வேகத்தின் வர்க்கத்தை நாலால் பெருக்கினால் அந்த வித்தியாசம் மி.மீ. பாதரசத்தில் வரும். மேல் பிரஷர் 120, மேலறை அழுத்தம் 20 என்றால் வித்தியாசம் 100, ஜெட் வேகம் வினாடிக்கு 5 மீட்டர். அதே ஆள் பதற்றத்தோடு, மாத்திரை போடாமல் வந்து மேல் பிரஷர் 180 என்றால் வித்தியாசம் 160, வேகம் 6.3. துளை கொஞ்சம்கூட மாறாவிட்டாலும் அதன் வழியே பாயும் இரத்தம் கால் பங்கு கூடிவிட்டது. ஜெட்டின் உந்தம் அதைவிட அதிகமாக, 1.6 மடங்கு. திரையில் நிறம் பரவுவதை உந்தம்தான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. ஆகவே நிறத்தைப் பார்ப்பவருக்கு லீக் ஒரேயடியாகப் பெருகிவிட்டதாகத் தோன்றும். போதாததற்குப் பல இதயங்களில் பிரஷர் ஏறும்போது கீழறை விரிந்து துளையும் கூடத் திறந்துகொள்ளும்.

மயக்கம் கொடுத்து உணவுக்குழாய் வழியாக எக்கோ பார்க்கும்போது இது தலைகீழாக நடக்கும். பிரஷர் இறங்கி, நேற்று வார்டில் பெரிதாகத் தெரிந்த லீக் இன்று சுருங்கிப்போயிருக்கும். ஆபரேஷன் தியேட்டரில் அதை நம்பி முடிவெடுத்துவிடக் கூடாது என்பதற்காக, மருந்து கொடுத்துப் பிரஷரை வழக்கமான அளவுக்கு ஏற்றிப் பார்ப்பார்கள். ஒரு தடவை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். மானிட்டரில் மேல் பிரஷர் 85-லிருந்து 130-க்கு ஏற ஏற, ஒல்லியாக இருந்த ஜெட் அதே திரையில் தடித்து மேலறையின் பின்சுவர் வரைக்கும் போய் முட்டியது. வால்வை யாரும் தொடவில்லை. அன்றிலிருந்து ப்ரோபை வைப்பதற்கு முன்னால் பிரஷர் பார்த்து எழுதாமல் நான் ஆரம்பிப்பதில்லை.

பிப்ரவரி 6, இரவு

"பிரஷர் கருவி அந்த ரூமிலேயே இல்லை" என்று எழுதியவருக்கு: பல இடங்களில் நிலைமை அதுதான், வருத்தமாக இருக்கிறது. கேட்டு வாங்குங்கள். பார்த்தால் இரண்டு நிமிஷம்.

பிப்ரவரி 9

பீசா பற்றி 5-ஆம் தேதி எழுதியதை மறுபடி படித்தேன். அதோடு நிறுத்தினால் அரைகுறை. அந்தக் கணக்கு துளை வட்டமாக இருக்கிறது, கீழறை சுருங்கும் நேரம் முழுக்க ஒரே மாதிரித் திறந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டு போடப்படுவது. இரண்டுமே பல பேருக்கு உண்மையில்லை.

இதழ் பிதுங்கும் வால்வில் லீக் சிலருக்குச் சுருக்கத்தின் பின்பாதியில்தான் தொடங்கும். அந்தப் பாதியில் ஒரு ஃபிரேமைப் பிடித்து அளந்தால் துளை பெரிதாகவே வரும். ஆனால் மொத்தமாகத் திரும்பிப் போன இரத்தம் குறைவு. அவர்களுக்குத் துளையின் பரப்பைவிட மி.லி. கணக்குக்கு மரியாதை கொடுக்க வேண்டும். கன்டினியுவஸ் வேவ் டாப்ளர் கோட்டை (ஜெட்டின் வேகம் நேரத்தோடு எப்படி மாறுகிறது என்று காட்டும் வரைகோடு) பார்த்தாலே தெரிந்துவிடும்: முன்பாதி வெறுமை, பின்பாதி மட்டும் அடர்த்தி.

மாரடைப்புக்குப் பிறகோ இதயத்தசை பலவீனத்தாலோ கீழறை விரிந்து, அதனால் வால்வு மூட முடியாமல் போனவர்களின் கதை வேறு. இதழில் குறையில்லை, இழுத்துப் பிடிக்கப்படுகிறது. அங்கே துளை வட்டமாக இருக்காது, இரண்டு இதழும் சேரும் கோட்டோடு பிறை போல நீண்டு கிடக்கும். அரைக்கோளக் கணக்கு அதைக் குறைத்தே காட்டும். வீனா கான்ட்ராக்டாவும் எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து ஒல்லியாகவோ அகலமாகவோ தெரியும். முப்பரிமாண எக்கோ இருந்தால் துளையை நேருக்கு நேர் வெட்டிப் பார்த்து, அதன் விளிம்பைச் சுற்றி வரைந்து பரப்பை எடுக்கலாம். கையில் அந்த வசதி இருந்தால் இந்த வகை நோயாளிகளுக்கு நான் அதைத்தான் நம்புவேன்.

பிப்ரவரி 10

கேள்வி கேட்டவர் எண்களைப் போட்டுவிட்டார், நன்றி. எல்லோருக்கும் தெரிய இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

போன வருஷ ரிப்போர்ட்டில் 'மாடரேட் எம்.ஆர்.' என்ற வார்த்தையைத் தவிர எண்ணே இல்லை. ஜனவரி முதல் ரிப்போர்ட்டில் பிரஷர் 176/98, துளைப் பரப்பு 0.41, 'சாய்ந்த ஜெட்' என்று குறிப்பு. மூன்றாவதில் பிரஷர் 118/72, ஜெட்டின் பரப்பை மட்டும் அளந்திருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் பிரஷர் மாத்திரை கூட்டப்பட்டு, நீர் மாத்திரையும் சேர்க்கப்பட்டிருக்கிறது. மூன்றிலும் கீழறை அளவு கிட்டத்தட்ட ஒன்றே. மேலறை போன வருஷத்தைவிடக் கொஞ்சம் பெரிது.

இதில் யாரும் பொய் எழுதியதாக எனக்குத் தெரியவில்லை. 176 பிரஷரில் 0.41 என்பது அந்தக் கணத்துக்கு உண்மையாகவே இருந்திருக்கலாம். 118-ல் லீக் குறைந்ததும் உண்மையாக இருக்கலாம். ஆனால் மூன்றாவது ரிப்போர்ட்டின் 'மைல்டு டு மாடரேட்' எனக்குச் சமாதானமாக இல்லை. சாய்ந்த ஜெட்டை அதன் நிறப்பரப்பை வைத்து அளந்தால் குறைத்துத்தான் காட்டும், 3-ஆம் தேதி சொன்ன அதே காரணம். நல்ல செய்தி என்று நினைத்து அதைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். சிவியர் என்று பயந்து நடுங்கவும் வேண்டாம். பிரஷர் 120-130-ல் நிலையாக இருக்கும்போது, வீனா கான்ட்ராக்டா, பீசா, நுரையீரல் சிரை ஓட்டம், மேலறை கீழறை அளவு எல்லாவற்றையும் சேர்த்து ஒரு தடவை முழுசாகப் பார்க்கச் சொல்லி உங்கள் இதய மருத்துவரிடம் கேளுங்கள். நான் மருத்துவர் இல்லை, மாத்திரை பற்றிய எந்த முடிவையும் என்னை வைத்து எடுக்காதீர்கள்.

நுரையீரல் சிரையை ஏன் சேர்த்தேன் என்றால்: கீழறை சுருங்கும்போது நுரையீரலிலிருந்து இரத்தம் மேலறைக்குள் வந்துகொண்டிருக்க வேண்டும். லீக் பலமாக இருந்தால் அது எதிர்த்துத் தள்ளி, அந்த ஓட்டம் மழுங்கும், அல்லது திரும்பியே ஓடும். ஒன்றுக்கு மேற்பட்ட சிரையில் திரும்பி ஓடுவது தெரிந்தால், நிறம் எவ்வளவு சாதுவாக இருந்தாலும் நான் மைல்டு என்று எழுத மாட்டேன்.

மேலறை பற்றியும் ஒரு வார்த்தை. பல வருஷமாகப் பலமான லீக் இருந்தால் மேலறை பெரிதாகாமல் இருக்காது. ரிப்போர்ட்டில் சிவியர், மேலறையும் கீழறையும் இயல்பு என்றால், அளவீட்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

பிப்ரவரி 11

நேற்றைய கடைசிப் பத்திக்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் ஆபத்து. வால்வைத் தாங்கும் நாண் திடீரென்று அறுந்து லீக் வந்தால் மேலறைக்கு விரிய நேரமே கிடைத்திருக்காது. சின்ன அறைக்குள் இரத்தம் குதித்ததும் அங்கே அழுத்தம் எகிறும், அழுத்த வித்தியாசம் சீக்கிரமே சமமாகும், ஜெட்டின் வேகம் குறையும், நிறமும் கொஞ்ச நேரமே தெரியும். ஸ்டெதாஸ்கோப்பிலும் சத்தம் மெலிவாக இருக்கலாம். நோயாளி மட்டும் மூச்சுக்குத் திணறிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அப்போது கலரை நம்பக் கூடாது, ஆளைப் பார்க்க வேண்டும். டாப்ளர் கோடு வட்டமாக இல்லாமல், முன்னாலேயே உச்சிக்குப் போய் முக்கோணமாகச் சரிந்தால் அதுவே எச்சரிக்கை.

பிப்ரவரி 14

"இதையெல்லாம் யார் கண்டுபிடித்தது?" என்று கேட்டிருந்ததால் கொஞ்சம் விலகிப் போகிறேன், எனக்குப் பிடித்த விஷயம்.

1953-ல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் இங்கெ எட்லர் (Inge Edler) என்ற மருத்துவருக்கு இதே மைட்ரல் வால்வுதான் தலைவலி. அப்போது சுருங்கிய மைட்ரல் வால்வை விரித்துவிடும் அறுவை சிகிச்சை பரவிக்கொண்டிருந்தது. ஆனால் சுருக்கத்தோடு லீக்கும் பலமாக இருந்தால் அந்த ஆபரேஷன் பலன் தராது. முன்கூட்டியே தெரிந்துகொள்ள நல்ல வழி இல்லை. ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரோடு சேர்ந்து, கப்பல் கட்டும் தளத்தில் உலோகத்தில் விரிசல் தேடப் பயன்பட்ட ஒலிக்கருவியை இரவல் வாங்கி முயன்றார்கள். அந்த வருஷம் அக்டோபரில் அசையும் இதயச் சுவரின் எதிரொலியைப் பதிவு செய்தார்கள். 1977-ல் இருவருக்கும் லாஸ்கர் விருது கிடைத்தது.

என்னை யோசிக்க வைப்பது இதுதான்: அவர்களுக்குத் தெரிந்தது கோடுகள் மட்டும். வால்வு இதழ் ஏறி இறங்குவது தெரியும், இரத்தம் தெரியாது. சுருக்கத்தை அதில் கண்டுபிடித்துவிடலாம், லீக்கை அளக்க முடியாது. இரத்தத்தின் வேகத்தைப் படிக்க டாப்ளர் வர வேண்டியிருந்தது, வேகத்திலிருந்து அழுத்தத்தைக் கணக்கிட 1970-களில் நார்வேயில் நடந்த வேலை வர வேண்டியிருந்தது. ஓடும் படத்தின் மேலேயே நிறம் பூசும் முறை 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானிலிருந்து வந்தது. முதலில் கேட்ட கேள்வி லீக் எவ்வளவு என்பது. அதற்குப் பதில்தான் கடைசியாக வந்தது, இன்னும் முழுசாக வந்தபாடில்லை.

பிப்ரவரி 17

எம்.ஆர்.ஐ. எடுத்தால் இந்தப் பிரச்சினையே இல்லையே என்று இருவர் எழுதியிருக்கிறீர்கள். ஓரளவு சரி. கீழறை ஒரு துடிப்பில் மொத்தம் எவ்வளவு வெளியேற்றியது, அதில் பெருந்தமனிக்குள் எவ்வளவு போனது, இரண்டையும் கழித்தால் மீதி பின்னால் போனது. ஜெட் சாய்ந்திருந்தாலும் வளைந்திருந்தாலும் கவலையில்லை. எக்கோ ரிப்போர்ட்டுகள் ஒன்றோடொன்று முரண்பட்டால் இதய எம்.ஆர்.ஐ.க்கு அனுப்புவது நியாயமான வழிதான்.

அதே கழித்தல் கணக்கை எக்கோவிலும் போடலாம். ஆனால் கீழறை வாயிலின் விட்டத்தை அளந்து அதையும் வர்க்கம் எடுக்க வேண்டும். விட்டம் 2.0 செ.மீ. என்றால் 63 மி.லி. வரும் ஓர் ஆளுக்கு, 2.2 என்று அளந்துவிட்டால் 76 வரும். 13 மி.லி. காற்றில் முளைத்துவிடும். கழிக்கப்போகும் இரண்டு எண்ணிலும் இந்தத் தவறு இருந்தால் மிஞ்சும் லீக் எண்ணை என்னவென்று நம்புவது? நான் இதைத் தனியாக நம்புவதில்லை. மற்ற அளவுகளோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்வேன்.

பிப்ரவரி 18

எண்ணை இவ்வளவு நோண்டுவதால் நோயாளிக்கு என்ன லாபம் என்று கேட்டவருக்கு.

2018-ல் இரண்டு பெரிய ஆய்வுகள் வந்தன, மித்ரா-எஃப்ஆர், கோஆப்ட் என்று. இரண்டிலும் இதயம் பலவீனமானவர்களுக்கு, விரிந்த கீழறையால் வரும் மைட்ரல் லீக்குக்குத் தொடை வழியாகக் குழாய் விட்டு வால்வில் கிளிப் போட்டார்கள். முதலாவதில் மருந்து மட்டும் சாப்பிட்டவர்களைவிடப் பலன் எதுவும் தெரியவில்லை. இரண்டாவதில் மருத்துவமனைக்குத் திரும்புவதும் இறப்பும் நன்றாகவே குறைந்தது. அதே கிளிப், அதே நோய். எக்கோ எண்களைப் பார்த்தால் மித்ரா-எஃப்ஆரில் துளைப் பரப்பு சராசரி 0.31, கோஆப்டில் 0.41. கீழறை முதலாவதில் இன்னும் பெரிது. அதாவது ஒரு கூட்டத்துக்கு லீக் பெரிது, இதயம் அவ்வளவு விரியவில்லை. மற்றக் கூட்டத்துக்கு இதயமே ரொம்ப விரிந்துவிட்டது, லீக் அதன் பக்கவிளைவு. மருந்துச் சிகிச்சையை எவ்வளவு கறாராக முதலில் முயன்றார்கள் என்பதிலும் வித்தியாசம் உண்டு, எக்கோவை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. ஆனாலும் துளையின் எண்ணைக் கீழறையின் அளவோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது அதன் பிறகு எல்லோருக்கும் உறைத்தது. யாருக்குக் கிளிப் உதவும் என்ற முடிவு, டிராக்பாலை உருட்டிக் கோடு போடும் கையிலிருந்து தொடங்குகிறது. அந்தப் பொறுப்பு எனக்குப் பெரிது.

பிப்ரவரி 20

மற்ற வால்வுகளைப் பற்றி, சுருக்கமாக. அயோர்டிக் வால்வு (இடது கீழறைக்கும் பெருந்தமனிக்கும் நடுவில் உள்ளது) லீக் கீழறை விரியும் வேளையில் நடக்கும். துளைப் பரப்புக்கு சிவியர் எல்லை அங்கே 0.30. நான் அதிகம் மதிப்பது, இறங்கு பெருந்தமனியில் விரியும் நேரம் முழுக்க இரத்தம் பின்னோக்கி ஓடுகிறதா என்பதை. டாப்ளர் கோடு சரியும் வேகமும் உதவும்: அழுத்தம் பாதியாகக் குறையும் நேரம் 200 மில்லிவினாடிக்குக் கீழே என்றால் சிவியர் பக்கம், 500-க்கு மேலே என்றால் மைல்டு பக்கம்.

டிரைகஸ்பிட் வால்வில் பலர் ஏமாறும் இடம் ஒன்று: லீக் மிகப் பலமாக இருந்தால் வலது மேலறையும் கீழறையும் ஒரே அறை மாதிரி ஆகிவிடும். அழுத்த வித்தியாசம் குறைவு, வேகம் குறைவு, நிறம் சிதறாமல் ஒரே சீராகத் தெரியும். பார்ப்பதற்கு அமைதியாக இருக்கும். கல்லீரல் சிரையில் இரத்தம் திரும்பி ஓடுவதைப் பார்த்தால்தான் விஷயம் தெரியும்.

பிப்ரவரி 20, பிறகு

"எனக்கு டிரிவியல் டி.ஆர். என்று போட்டிருக்கிறார்கள், இரண்டு நாளாகத் தூக்கமில்லை" என்று எழுதிய தம்பிக்கு: டிரைகஸ்பிட் வால்வில் இழையளவு கசிவு ஆரோக்கியமானவர்களில் பெரும்பாலோருக்கு இருப்பதுதான். மெஷின் அவ்வளவு நுணுக்கமாகிவிட்டது. வால்வும் அறைகளும் இயல்பு என்று எழுதியிருந்தால் நிம்மதியாகத் தூங்குங்கள்.

பிப்ரவரி 26

உலோக வால்வு வைத்தவருக்கு எப்படிப் பார்ப்பது என்ற கேள்வி பாக்கி இருந்தது.

உலோகம் ஒலியைத் திருப்பி அடித்துவிடும். மார்பிலிருந்து பார்த்தால் மைட்ரல் இடத்தில் உள்ள உலோக வால்வுக்குப் பின்னால் மேலறை முழுக்க நிழல், லீக் அந்த நிழலுக்குள்தான் ஒளிந்திருக்கும். உணவுக்குழாய் வழியாகப் போனால் ப்ரோப் மேலறைக்குப் பின்னால் போய் நிற்கும், நிழல் எதிர்ப்பக்கம் விழும், மேலறை திறந்து தெரியும். ஆனால் அங்கே ஒன்றிரண்டு மெல்லிய ஜெட் தெரிந்தவுடன் பதற வேண்டாம். இரட்டைத் தகடு உலோக வால்வில் தகடுகள் மூடும்போது சிறிது இரத்தம் வழிந்து கீல்களைக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும் என்று வைத்தே செய்கிறார்கள், கட்டி உறையாமல் இருக்க. அவை குட்டையாக, வால்வு வளையத்துக்கு உள்ளேயிருந்து கிளம்பும். வளையத்துக்கு வெளியே, தையல் போட்ட ஓரத்திலிருந்து ஜெட் வந்தால் அது வேறு சமாச்சாரம், உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டியது. மார்பு வழி எக்கோவில் லீக் தெரியாமலேயே முன்பக்க வேகம் மட்டும் வழக்கத்தைவிடக் கூடியிருந்தாலும், நிழலுக்குள் ஏதோ ஓடுகிறது என்று சந்தேகப்பட்டு உள்வழி எக்கோ கேட்கலாம். வால்வு வைத்த புதிதில் எடுத்த எக்கோவின் வீடியோவை ஒரு பென்டிரைவில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அடுத்தடுத்த தடவை ஒப்பிட அதைவிட உதவியான பொருள் எங்களுக்கு வேறில்லை.